விழுது இறங்கும் நேரத்தில் களை கொத்தினேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு சந்தில் நான் டிபன் கடை திறந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு மேஜை, இரண்டு அடுப்பு, மேலே தகரக் கூரை. ஆனால் என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாகத் தொடங்கிய முதல் காரியம் அது. அதை வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா என்று ஒரே வாரத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன் நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி வேங்கிக்காலுக்குக் குடித்தனம் வந்த நாளிலிருந்து அதே பள்ளி, அதே கரும்பலகை, அதே முக்கோணம். பிள்ளைகளை எப்போதும் பிடிக்கும். பள்ளிக்கூடம்தான் வருடத்துக்கு வருடம் பிடிக்காமல் போனது. எனக்குச் சமையல் கை நன்றாக வரும் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி என்னை உசுப்பேற்றி வைத்திருந்தார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேச மாட்டார். வருடம் ஒன்று நடத்திப் பார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஐப்பசியில் கடை திறந்தேன். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை, தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கூடவே இட்லி, லெமன் டீ. தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தது. மார்கழியிலும் தையிலும் வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்து வாடகை அறைகளில் ஒரு மூலை விடாமல் தங்கியிருந்தார்கள். அந்த மாதங்களில் அங்கே யார் அடுப்பு மூட்டினாலும் கூட்டம் வரும். அது தெரியாமல், எல்லாம் என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டு தெருவில் கொஞ்சம் தெனாவெட்டாகவே நடந்தேன்.

மாசி பிறந்ததும் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஆசிரமம் பக்கத்தில் பல காலமாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெயில் வந்தால் வெள்ளைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், கார்த்திகை வந்தால் திரும்புவார்கள் என்று அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். எனக்குத்தான் பகீரென்றது. நேற்று வரை உட்கார இடமில்லாத மேஜைகளில் இன்றைக்கு நான் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா இருக்கிற ஆளா நான். மாற்ற ஆரம்பித்தேன். முனையில் இருந்த கஃபேயில் பான்கேக்குக்கு நாலு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு நானும் பான்கேக் போட்டேன். அது தோசையாகவும் இல்லை, பான்கேக்காகவும் இல்லை. பிறகு வடநாட்டு யாத்ரீகர்கள் வருகிறார்களே என்று சப்பாத்தி குருமா. அடை மாவு மீந்து போகிறதென்று அடையைக் கொஞ்ச நாள் நிறுத்தினேன். யாரோ கேட்டார்கள் என்று திரும்பக் கொண்டுவந்தேன். காலைக் கடையைச் சாயங்காலக் கடை ஆக்கினேன், அதையும் ஒரு வாரத்தில் காலைக்கே மாற்றினேன். மேஜைகளை வாஸ்துப்படி திருப்பிப் போடச் சொன்னார் ஒருவர், அதையும் விடவில்லை. வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். டீச்சர் புத்தி எங்கே போகும்.

வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நேத்து படுக்கும்போது ஒரு கடை வெச்சிருந்த. காலையில எழுந்து பாத்தா வேற கடை வெச்சிருக்க. நான் எந்தக் கடைக்குன்னு ஆளக் கூட்டிகினு வர்றது?"

எனக்குக் கோபம் வந்தது. நான் நாய் மாதிரி உழைக்கிறேன், இவருக்குக் கிண்டலாக இருக்கிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உண்மையில் நான் உழைத்ததில் பொய்யே இல்லை. பள்ளிக்கூட நாட்களில்கூட அவ்வளவு ஓடியதில்லை. ஓடுகிறவளுக்கு எதுவும் கையில் நிற்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு செய்கிறேனே, உனக்குக் கண் தெரியவில்லையா என்று அண்ணாமலையாரிடமே சண்டை பிடித்திருக்கிறேன்.

அப்போதுதான், ஒரு சனிக்கிழமை, பழைய பள்ளியின் கரஸ்பாண்டன்ட் போன் செய்தார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் வேறு ஊருக்குப் போகிறாராம். "உங்க எடம் அப்படியேதான் இருக்கு டீச்சர். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்" என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நிமிஷமே அழுகை. திரும்பிப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நல்லதாப் போச்சு வந்துட்டீங்க என்பார்கள். அந்த நல்லதாப் போச்சுவைத்தான் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

மனசு சரியில்லை என்று மறுநாள் ஞாயிறு காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அங்கே பக்கத்துக் கிராமத்தில்தான் என் தம்பி எங்கள் கொல்லை நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். டிப்ளமோ படித்தவன், சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்பி வந்தவன். தையில் மல்லாட்டை போட்டிருந்தான். நான் போனபோது கொல்லை பச்சைப் பசேலென்று இருந்தது. அவன் வரப்பில் நின்று மண்வெட்டிக் காம்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வந்ததைக்கூட கவனிக்கவில்லை. அங்கங்கே களை தலைகாட்டியிருந்தது. தம்பி மனைவி என்னிடம் ரகசியமாக, "பாருங்க அண்ணி, நாலு நாளா இப்படியே நின்னுகினு இருக்காரு. களையெடுக்க ஆளு கூப்புடறேன்னா வேணாங்கறாரு" என்று குறைப்பட்டாள்.

எனக்கு அந்த நேரத்தில் சும்மா நிற்கிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல். அவன் மோட்டார் கொட்டகைப் பக்கம் போன சமயம் பார்த்து, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒரு சாலுக்குள், செடி வரிசைக்கு நடுவில், இறங்கிவிட்டேன். எத்தனை வருடம் ஆனாலும் கை மறக்கவில்லையே என்று எனக்கே பெருமையாக இருந்தது. முக்கால் சால் முடித்திருப்பேன். அவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, வெளிய வா. வெளிய வான்றேன்ல. விழுது இறங்கற நேரத்துல எவனாவது உள்ள காலு வெப்பானா?"

என் தம்பி என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. நான் கொத்திய இடத்தில் குனிந்து ஒரு செடியைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஊசி ஊசியாகத் தொங்கியவை பாதியில் அறுந்து கிடந்தன. செடியடியில் மண் அணைத்த பிறகு மல்லாட்டைக் கொல்லையில் யாரும் இறங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன். அதனாலேயே ரோஷம் ஜாஸ்தியாகிவிட்டது. உனக்கு உதவி செய்ய வந்தேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, மதியச் சோறுகூட சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கடையில் இருந்தேன். ஒருநாள் மதியம், வெயிலுக்குத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கடையில் ஒரே ஒருத்தி. பெங்களூரிலிருந்து வந்து பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே மாதக் கணக்கில் இங்கே இருந்தாள். மதியமானால் லெமன் டீ குடிக்க வருவாள். வந்ததும் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுப்பாள். டாரட் என்று அவள்தான் பெயர் சொன்னாள். அதிலிருந்து ஒரு சீட்டை உருவி டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, டீ ஆறும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிளி இல்லாத கிளி ஜோசியம் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அவளிடமே சொல்லியும் இருக்கிறேன், சிரிப்பாள்.

அன்றைக்கு நான் வாசல் பலகையை உள்ளே கொண்டுவந்து, மறுநாளிலிருந்து புதிதாக என்ன போடலாம் என்று சாக்பீஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு ஆமாம் என்று சொல்வதாகக் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இன்னிக்கு நீங்க ஒண்ணு எடுங்களேன். ரெண்டு மூணு நாளா உங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

"எனக்கு ஜோசியம்லாம் வேணாம்மா. நடந்ததையே தாங்க முடியல. நடக்கப்போறது வேற தெரியணுமா?"

"நடக்கப்போறதெல்லாம் இது சொல்லாதுக்கா. படத்தப் பாத்துட்டு நம்மள நாமளே கேட்டுக்கறது. அவ்ளோதான்."

சரி, அவள் மனசு ஏன் நோக வேண்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு வலது கையால் ஒரு சீட்டை எடுத்தேன். எடுத்ததும் பழக்க தோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சீட்டைத் திருப்பினேன். ஒரு இளவட்டம் நிற்கிறான். நீளக் காம்பு வைத்த ஒரு கொத்து, அதன் தலையில் இரண்டு கையையும் கோத்து, கையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற செடியையே பார்க்கிறான். செடியில் இலைகளுக்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாக வட்ட வட்டமாக என்னவோ காய்த்திருக்கிறது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, உழைத்து முடித்தவன் அவன், பலன் என்ன ஆனது என்று நின்று பார்க்கிறான், மேலே செய்யலாமா விட்டுவிடலாமா என்று யோசிக்கிற நேரம் என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் நிலைமையை யாரோ அவளிடம் சொல்லிவிட்டது போல இருந்தது. அதை மறைக்கப் பேச்சை மாற்றினேன்.

"இவனப் பாத்தா எங்க தம்பி மாதிரியே இருக்கு. அவனும் இப்படித்தான் நின்னுகினு இருந்தான், போன ஞாயித்துக்கிழமை."

ஆரம்பித்தேனோ இல்லையோ, எல்லாம் கொட்டிவிட்டேன். நான் கொத்தியது, அவன் கத்தியது, சாப்பிடாமல் வந்தது, அவன் போன் செய்தும் நான் எடுக்காதது. அவள் பாவம், நகரத்துப் பிள்ளை, விழுது என்றால் என்ன என்று கேட்டாள். கேட்டதும் என்னுள் இருந்த டீச்சர் எழுந்துகொண்டாள். மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு விரலால் செடி வரைந்தேன்.

"மல்லாட்டை பூக்கறது மேலதாம்மா. பூ வாடினதும் அதோட அடியிலருந்து ஊசி மாதிரி ஒண்ணு கிளம்பி மண்ணுக்குள்ள இறங்கும். அதான் விழுது. அது நுனியிலதான் காய் புடிக்கும். அந்த நேரத்துல போய் மண்ணக் கிளறினா விழுது அறுந்துடும். செடிக்கு ஒண்ணும் ஆகாது. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். புடுங்கும்போதுதான் தெரியும், அடியில ஒண்ணும் இருக்காது. அதனாலதான் நாலு களை இருந்தாலும் பரவால்லன்னு அவன் நிக்கறான். சோம்பேறித்தனம் கிடையாது. உழுது, வெதச்சு, களையெடுத்து, மண்ணும் அணைச்சாச்சு. இப்ப கைய வெக்காம நிக்கறதுதான் வேலை. அந்த நேரத்துல போய் ஒருத்தி களைக்கொத்த எடுத்துகினு..."

பாதியில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். என் இடது கையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது. பக்கத்தில் பலகையில் பாதி அழித்த எழுத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசியிருந்தது. அன்று காலையில்தான் அடை என்ற வரியை மறுபடி அழித்திருந்தேன்.

காது இரண்டும் சூடாகிவிட்டது. ஐப்பசியில் போட்டதை மாசியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதிர் விடுதியில் அறை பெருக்குகிற அம்மா இரண்டு தடவை வந்து அடை இருக்கா என்று கேட்டுப் போனார். முதல் தடவை நிறுத்தியிருந்தேன். இரண்டாம் தடவை வந்தபோது அது சாயங்காலக் கடையாகியிருந்தது. விடியற்காலையில் கிரிவலம் போய்விட்டு வருகிற ஒரு ஆந்திராத் தம்பதி தொடர்ந்து சில நாள் வந்தார்கள். ஒரு நாள் வந்து பார்த்தபோது பான்கேக் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களைக் காணோம். இவர்கள் எல்லாம் வரவில்லை என்றுதான் நான் இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். வந்தவர்களை நான்தான் அறுத்து விட்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இன்னொரு டீ வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

சீட்டு ஏதோ வழிகாட்டிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. வேறு சீட்டு வந்திருந்தால் வேறு ஏதாவது பேசியிருப்பேன், யாருக்குத் தெரியும். கடை நிச்சயம் ஓடும் என்ற தைரியமும் வந்துவிடவில்லை. களையெடுக்காமல் விட்ட கொல்லையும் காய்ந்து போகலாம். ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்கிற அளவுக்குக்கூட அந்தக் கடையை நான் விட்டு வைக்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அன்று ராத்திரி தம்பிக்கு நானே போன் செய்தேன். சாப்பிட்டியாக்கா என்று கேட்டான். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கரஸ்பாண்டன்ட்டுக்குப் போன் போட்டேன். வரவில்லை சார் என்று சொன்னேன். நல்லா யோசிச்சுட்டீங்களா டீச்சர் என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். கைக்கு வந்த வேலையை விட்டோமே, வீட்டை இழுத்து நடுத்தெருவில் விடப்போகிறோமோ என்று பயந்துகொண்டே வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்:

"சரி. ஆனா ஒண்ணு. அந்த சாக்பீஸ் டப்பாவ எடுத்துகினு வந்து எங்கிட்ட குடு."

கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒரு தடவை மட்டும் எழுத அனுமதி கேட்டு, அடை, மல்லாட்டைச் சட்னி, இட்லி, லெமன் டீ, காலை மட்டும் என்று எழுதினேன். டப்பா அவருடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் போனது.

சித்திரை வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, மாவாட்டுவதைவிடக் கஷ்டம். இந்த ஊரில் சும்மா இருப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். அடிவாரத்திலேயே குடியிருக்கிற எனக்கு அது வரவே இல்லை. முனைக் கடையில் மாம்பழ லஸ்ஸி போட்டு அமர்க்களப்பட்டபோது என் கை அரிக்க ஆரம்பித்தது. மாம்பழம் வாங்கக்கூட போய்விட்டேன். வாங்கினேன், வீட்டில் நறுக்கிச் சாப்பிட்டோம். மீந்த அடையை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர்களே பாவம் என்பது போலப் பார்த்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அறை பெருக்குகிற அம்மா ஒரு நாள் வந்தார். அடை இருந்தது. மறுநாளும் வந்தார், இருந்தது. அடுத்து வந்தபோது கூட வேலை செய்கிற இன்னொருவரைக் கூட்டி வந்தார். ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சவாரிக்கு நடுவில் இரண்டு அடை பொட்டலம் கட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி காலையில் வண்டியை நிறுத்தத் தொடங்கினாள். அந்த ஆந்திராத் தம்பதி மட்டும் திரும்ப வரவே இல்லை. ஊருக்குப் போயிருப்பார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெங்களூர்ப் பெண் வெயில் தாங்காமல் சித்திரை நடுவிலேயே கிளம்பினாள். அந்தச் சீட்டை எனக்கே தந்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஒரு சீட்டு குறைந்தால் கட்டு என்னத்துக்கு ஆகும் என்று நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அரைக் கிலோ வறுத்த மல்லாட்டையை அவள் பையில் திணித்து அனுப்பினேன்.

சித்திரை கடைசியில் தம்பி அறுவடை வைத்தான். காலைக் கடை முடித்துவிட்டு ஓடினேன். நல்ல விளைச்சல். பிடுங்கிய செடியை உதறினால் கொத்துக் கொத்தாகக் காய் ஆடியது. நான் கொத்திய சால் எது என்று அவன் அடையாளம் வைத்திருந்தான் போல. என்னையே பிடுங்கச் சொன்னான். செடி நன்றாகத்தான் இருந்தது, இலை கொஞ்சமும் கம்மியில்லை. அடியில் இரண்டு காய், அதிலும் ஒன்று உள்ளே பருப்பில்லாத பொக்கு. கொல்லையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். "இந்தச் சாலு பூரா உனக்குத்தான்க்கா" என்று அவன் அந்தக் கொஞ்சத்தை என் முந்தானையில் கொட்டினான்.

கடை இன்றும் இருக்கிறது. நாலு மேஜைதான், ஐந்தாவதாக ஒன்று போட இடமில்லை. பெரிய ஆளாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கார்த்திகை வந்தால் கூட்டம் வருகிறது, மாசி வந்தால் போகிறது. அதற்கு இப்போதெல்லாம் நான் பதறுவதில்லை. ஆனால் என் மனதில் நின்றுபோனது வேறு ஒரு நாள்.

அந்த வருடம் ஆவணியில் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை, கடை திறக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் தோன்றவில்லை. கடை மூடியிருந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், எத்தனை கடை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் விட்டு நான் போய் ஷட்டரைத் தூக்கும்போதே அறை பெருக்குகிற அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா, நீ பாட்டுக்கு மூடிட்டுப் போயிட்ட? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? வந்து பாத்துட்டு வெறும் வயித்தோட வேலைக்குப் போனேன்."

பின்னாலேயே வந்த ஆட்டோக்காரரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையேதான் கேட்டார். நர்ஸ் பெண் மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளும் திட்டினாள். நான் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கியதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று. பள்ளியில் அத்தனை வருடம் லீவு போட்டிருக்கிறேன், நான் வராததற்காக யாரும் என்னிடம் இப்படி உரிமையோடு கோபித்துக்கொண்டதில்லை. உழைத்ததற்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், அன்று காலையில் அந்த மூன்று பேரிடமும் வாங்கிய திட்டுதான் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது.